வளைவில் நின்ற வான்

"இறங்குங்க! சாமான் கிடக்கட்டும், எல்லாரும் இறங்குங்க!"

சித்தாண்டிக்குக் கிட்ட, வளைவில் திரும்பத் தொடங்கிய பஸ்ஸை உசனார் சடாரென்று பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். அந்தப் பழைய பஸ்ஸுக்குச் சொந்தக்காரரும் அவர்தான், சாரதியும் அவர்தான்.

"என்ன காக்கா, இந்த வெயிலுக்குள்ள?" என்றார் முன் சீற்றிலிருந்த நல்லரத்தினம். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அங்கால ஒரு வான் நிக்குது. ஆளில்ல. பழுதான வாகனமெண்டா அடையாளத்துக்குப் பின்னால மரக்குழை முறிச்சுப் போட்டிருப்பாங்க. அதுவுமில்ல."

ரோட்டோரம் நிற்கிற வாகனங்கள் வெடித்த காலம் அது.

"பஸ் நிழலில ஒருத்தரும் நிக்கப்படாது. வயல் வட்டைக்குள்ள இறங்கி, அந்தப் பெரிய வரம்புக்குப் பின்னால படுங்க."

மங்கையற்கரசி நிறைமாதக்காரி. "நான் எப்பிடிக் காக்கா படுக்கிற?"

"சரிஞ்சு படு புள்ள. கெதியாப் போ!"

எல்லாரும் வயல் சேற்றுக்குள் விழுந்தார்கள். அப்போதுதான் பஸ் உறுமியது. நல்லரத்தினம் தலையைத் தூக்கிப் பார்த்தார். வெறும் பஸ் வளைவைத் தாண்டிப் பறந்தது.

"பாத்தீங்களா! நம்மளச் சேத்துக்குள்ள தள்ளிப்போட்டுத் தான் தப்பிட்டான்! சாமானும் போச்சு. நம்மட ஆளெண்டா இப்பிடி விட்டுட்டுப் போவானா?"

பக்கத்தில் கிடந்தவர்களும் தலையாட்டினார்கள்.

வெடிச்சத்தம் எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் கிடந்தார்களோ, பெற்றோல் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவன் வந்தான்.

"என்ன, எல்லாரும் வயலுக்குள்ள?"

"வளைவில ஒரு வான்..."

"அது என்ர வான்தான். பெற்றோல் முடிஞ்சு போச்சு, வாங்கப் போனனான்."

"ரெண்டு குழை முறிச்சுப் போட்டிருந்தா கையா முறிஞ்சிருக்கும்?" மங்கையற்கரசி சேற்றோடு எழும்பிக் கத்தினாள்.

வான்காரனோடு நடந்து வளைவைத் தாண்டியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

வானோடு உரசுகிற மாதிரி உசனாரின் பஸ் நின்றது. பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் சின்னப் பள்ளிக்கூடம். ஓலைக் கொட்டில். உள்ளே ஒரு பிள்ளையும் இல்லை, செருப்புகள் மட்டும் சிதறிக் கிடந்தன.

தூரத்துத் தென்னந்தோப்பில் வாத்தியாரம்மாவைச் சுற்றிப் பிள்ளைகள். கடைசியாகப் போய்க்கொண்டிருந்தவர் உசனார். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் இன்னொன்று.

நல்லரத்தினம் ஓடிப்போய் அவரைப் பிடித்தார். தோளிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டார்.

"பயமில்ல காக்கா, அது வெறும் வான்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அப்படியே மணலில் குந்தினார் உசனார்.

"குண்டெண்டு நினைச்சுக்கொண்டா அதுக்குப் பக்கத்தில பஸ்ஸக் கொண்டுபோய் விட்டீங்க?"

"ஓம். மறுகா என்ன செய்யிற? பள்ளிக்கூடம் ஓலை. பஸ்ஸெண்டா இரும்புதானே, தம்பி."