ஆறாவது வரி

காலை ஏழே காலுக்குக் கரும்பலகையில் ஐந்து பெயர்கள் எழுதியாகிவிட்டன. ஆறாவது வரி மட்டும் காலியாக இருந்தது.

காலி என்றும் சொல்ல முடியாது. போன வருடம் அந்த வரியில் எழுதிய பெரியவளின் பெயர் முழுதாக அழியாமல் வெள்ளைத் தடமாகத் தெரிந்தது.

ஆளுக்குப் பத்துப் பந்து. தொலைவில் இரண்டு கொடிகள். நடுவே விழுந்தால் சேரும், வெளியே விழுந்தால் சேராது. கோல்ஃப் கிளப்பின் பெண்கள் அணியில் மிச்சமிருந்த அந்த ஓர் இடத்துக்கு நின்றது இரண்டே பேர். இருவரும் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டவர்கள்.

பெரியவள் பத்தையும் அடித்து முடித்துவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே விழுந்தது நான்கு.

சின்னவள் ஏழு அடித்திருந்தாள். முதல் மூன்றும் பதற்றத்தில் எங்கெங்கோ போயின. அடுத்த நான்கும் கொடிகளுக்கு நடுவே, நூல் பிடித்தாற்போல.

நான்குக்கு நான்கு. சின்னவளுக்கு இன்னும் மூன்று பந்துகள் பாக்கி.

எட்டு மாதத்துக்கு முன் "இதுல எந்தப் பக்கம் பிடிக்கணும்க்கா?" என்று மட்டையைத் தலைகீழாக நீட்டியவள்தான். கூட்டிக்கொண்டு வந்தது பெரியவள். மட்டையை இரவல் கொடுத்தது பெரியவள். ஒவ்வொரு விரலாக எடுத்து வைத்துப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததும் பெரியவள்.

இப்போது அவள் அடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. சின்னவள் எதைத் தொட்டாலும் துலங்குகிறது என்று மாமியார் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருப்பாள். போன வாரம் கணவர் சாப்பாட்டு மேசையில் செல்போனைச் சாய்த்து வைத்து, தம்பி மனைவி மட்டையை வீசும் ஸ்விங்கை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்.

"எப்படி வழுக்கிக்கிட்டுப் போகுது பாரேன். முன்னாடி உனக்கும் இப்படித்தான் வரும்."

அந்த ‘முன்னாடி’ தொண்டையில் மாட்டிக்கொண்டது. இன்னும் இறங்கவில்லை.

அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் கண்ணை மூடிக்கொண்டு சரியான மாத்திரை அட்டையை எடுக்கிற கை. ஒரு வருடமாக அதே கையை நம்பி ஒரு பந்தை அனுப்ப முடியவில்லை.

பயிற்சியாளர் முழங்கையைப் பார்த்தார். இடுப்பைப் பார்த்தார். காலணியைக்கூடக் கழற்றச் சொல்லிப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"உடம்புல ஒரு குறையும் இல்ல மேடம். எல்லாம் மண்டையில. அதுக்கு என்கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் கிடையாது."

மண்டையில் இல்லை. கொஞ்சம் கீழே. பெரியவளுக்கு அது தெரியும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

சொல்லாமல் தனக்குத் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். சூயிங்கம் மென்றபடி அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். ஒருநாள் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அடித்தாள். பயிற்சியாளர் குட்மார்னிங் சொன்னபோது கன்னம் உப்பியபடி தலையை மட்டும் ஆட்டினாள். அன்றும் பந்து வேலிப் பக்கமே போனது.

எல்லாம் போன வருடத் தேர்வு நாளில் தொடங்கியது.

அதுவரை ஆறாவது இடம் பல் டாக்டரம்மாவுடையது. ஒரே ஒரு பந்து வித்தியாசத்தில் பெரியவள் அதைப் பிடித்தாள். டாக்டரம்மா கட்டிப்பிடித்து வாழ்த்தினார். பிறகு உடை மாற்றும் அறையில், ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே, சிரித்த முகத்தோடு ஒரு கேள்வி கேட்டார். சாதாரணக் கேள்விதான். பல் டாக்டர் கேட்கக்கூடியதுதான்.

பெரியவளுக்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. மட்டையை ஓங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறாள். பந்து தன் பாட்டுக்குப் போய்விடுகிறது.

டாக்டரம்மா அதன் பிறகு கிளப் பக்கம் வரவே இல்லை.

சின்னவள் எட்டாவது பந்தை வைத்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. முகத்தில் ஒரு யோசனையும் இல்லை. தூங்குகிறவள் முகம். உண்மையில் பெரியவளுக்கு வயிறு எரிந்தது அந்த ஸ்விங்கைப் பார்த்துக்கூட இல்லை, அந்த முகத்தைப் பார்த்துத்தான்.

மட்டையைப் பாதி ஓங்கியவள் நிறுத்திவிட்டாள். திரும்பினாள்.

"அக்கா, திடீர்னு பயமா இருக்கு. எனக்கு எல்லாம் நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. ஏதாவது சொல்லுங்களேன்."

கேலி இல்லை. நடிப்பும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

பயிற்சியாளர் சாக்பீஸை விரல்களுக்கு நடுவே உருட்டிக்கொண்டு காத்திருந்தார்.

பெரியவள் எழுந்து போனாள். ‘தைரியமா அடி’ என்று சொல்லத்தான் போனாள். அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

சின்னவளின் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நிமிர்த்திவிட்டாள். டாக்டரம்மாவின் அதே சிரிப்பு தன் முகத்தில் வந்து உட்கார்வது அவளுக்கே தெரிந்தது. இவ்வளவு சுலபமாக வரும் என்று அவள் நினைக்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் அடிக்கிற. சும்மா தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்... மட்டைய ஓங்கும்போது உன் நாக்கு எங்க இருக்கும்? மேலண்ணத்துலயா, கீழ்ப் பல்லு பக்கத்துலயா?"