அப்பா மீட்டிங்கில் இருக்கிறார்

குழந்தையின் மனம் ஒரு கோயில். பயத்தைச் செருப்பாகப் போட்டுக்கொண்டு யாரும் அதற்குள் நுழையக் கூடாது. மேடவாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடத்தில் சங்கச் செயலாளர் சூர்யநாராயணன் மைக்கைப் பிடித்து இப்படி அருளும்போது, அவருடைய போன் மகள் சின்மயியின் கையில் அதிர்கிறது. கடன் வசூலிப்பவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்வது மூன்று மாதமாக அவள் பொறுப்பு. சின்னக் குரல் கேட்டால் திட்ட மாட்டார்கள் என்பது அப்பாவின் கண்டுபிடிப்பு. அவள் வெளியே ஓடி, கார் நிறுத்துமிடத்தின் நிழலில், ஒரு தூணோடு ஒட்டி நிற்கிறாள். “அப்பா மீட்டிங்ல இருக்கார் அங்கிள்.” “மூணு மாசமா அதே மீட்டிங்தானா பாப்பா? சரி, மைக்ல பேசிகினு கீறது யாரு? உங்கப்பா குரலாட்டமே கீதே.” தலைக்கு மேலே தூணில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி, தினமும் பத்து நிமிடமாவது குழந்தையிடம் மனம்விட்டுப் பேசச் சொல்கிறது. சின்மயி போனை உள்ளங்கையால் பொத்துகிறாள். முழங்கால்களை நெருக்கிக்கொள்கிறாள். பிறகு கையை எடுத்துவிட்டு, “அது வேற யாரோ அங்கிள். எங்கப்பா இப்படியெல்லாம் பேச மாட்டார்” என்கிறாள். கூடத்தில் கைதட்டுகிறார்கள். சின்மயிக்கு ஒன்பது வயது. கவுனிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள்.