லவோன் போடாத ஓட்டு

"நீ ஒண்ணும் கொண்டு வர வேண்டாம், லவோன். இங்க எல்லாம் இருக்கு."

சொல்லிவிட்டு மெர்னா போனை வைத்தாள்.

மினசோட்டாவின் அந்தச் சின்ன ஊரில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே திட்டுவதில்லை. விருந்தென்றால் ஆளுக்கொரு பாத்திரத்தில் 'ஹாட் டிஷ்' என்கிற, கறியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தைக் கொண்டு வருவது வழக்கம். விருந்துக்கு வருகிறவளிடம், 'பாத்திரத்தோடு வராதே' என்று சொன்னால் போதும். கன்னத்தில் அறைந்ததற்குச் சமம்.

லவோன் ஒன்றும் அந்நியம் இல்லை. மெர்னாவின் தங்கை இங்க்ரிட்டுக்குச் சொந்த நாத்தனார். அதனால்தான் மெர்னாவுக்கு ஆறவே இல்லை.

அந்தத் தொகுதியின் மாநில செனட் உறுப்பினர் கோடையில் காலமாகிவிட்டார். நவம்பரில் மாநிலம் முழுக்க நடந்த இடைக்காலத் தேர்தலோடு இந்த ஒரு இடத்துக்கு இடைத்தேர்தலும் வந்தது. ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டை மூட விடமாட்டேன் என்று சொல்லி இங்க்ரிட் நின்றாள். எதிர்க்கட்சியில் வெண்டல் க்ராஸ்.

மாநிலம் பூரா எண்ணி முடித்தார்கள். செனட்டில் இரண்டு கட்சியும் சரிசமம். எது ஆளும் என்பதை இந்த ஒரு இடம்தான் சொல்ல வேண்டும். இங்கே பார்த்தால் இங்க்ரிட்டும் க்ராஸும் சரிசமம். மறுபடி எண்ணினார்கள். அப்போதும் அதேதான்.

இனி சட்டப்படி சீட்டுக் குலுக்கல்.

ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக விழுந்திருந்தால்?

தேர்தலன்று ராத்திரி முடிவு பார்க்க இங்க்ரிட் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். எல்லார் கோட்டிலும் 'ஓட்டுப் போட்டேன்' என்ற சிவப்பு ஸ்டிக்கர். கடைசியாக வந்த லவோனின் கோட்டு மட்டும் மொட்டையாக இருந்தது.

"ஸ்டிக்கர் எங்கே, லவோன்?"

"நான் போகலை, மெர்னா. முடியலை."

"உடம்புக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்லை."

சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டப் போய்விட்டாள். மறுநாள் காப்பிக் கடையில், லவோன் தன் ஓட்டை ஊறுகாய் போட்டு ஜாடியில் வைத்திருக்கிறாள் என்று ஒருத்தர் சொல்ல, கடையே சிரித்தது. இங்க்ரிட் ஒருத்திதான், "விடுக்கா, அவளுக்கு என்ன கஷ்டமோ" என்றாள்.

குலுக்கல் நாள். சாயங்கால விருந்துக்கு ஒன்றும் கொண்டு வர வேண்டாம் என்று மெர்னா லவோனுக்குப் போன் போட்டது அன்று காலையில்தான். கோர்ட் கட்டடத்தின் கூடத்தில் நிற்க இடமில்லை. வாசல் வரை டிவிக்காரர்கள். ஒரே மாதிரி இரண்டு மரக்கட்டைகளில் இரண்டு பெயரையும் ஒட்டி, நீலக் கிண்ணத்தில் போட்டு மூடிக் குலுக்கினார் தேர்தல் அதிகாரி அம்மாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை உள்ளே விட்டார்.

மெர்னா கண்ணை மூடிக்கொண்டாள். 'ஆண்டவரே, பிறக்கப் போற பிள்ளைங்களுக்காகக் கேக்கறேன்.'

"இங்க்ரிட் தொர்சன்."

சர்ச்சில் கூட வாய் திறந்து பாடாத மனுஷர்கள் தொப்பியை மேலே எறிந்தார்கள். இங்க்ரிட் அழுதாள், சிரித்தாள், அக்காவைக் கட்டிக்கொண்டாள். யாரோ யாருடைய காப்பியையோ தட்டிவிட்டார்கள். யாரும் கோபப்படவில்லை.

அந்தச் சந்தடியில், கோட்டில் க்ராஸின் பேட்ஜோடு ஆர்டிஸ் வந்தாள். லவோனின் பக்கத்துப் பண்ணைக்காரி.

"வாழ்த்துகள், மெர்னா. லவோனால இங்க வர முடியலை."

"ஓட்டுப் போடவே வராதவ, இதுக்கு எதுக்கு வரப் போறா?" மெர்னா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஆர்டிஸின் முகம் மாறியது.

"அப்போ அவ சொல்லவே இல்லையா? தன் காய்ச்சலை ஊர்ல சொல்லக் கூடாதுன்னு ஆர்விட் அவகிட்ட வாக்கு வாங்கிட்டார். ஊர் அவளைப் பேசறது தெரிஞ்சதும், அவரேதான் இன்னைக்கு என்னைப் போய்ச் சொல்லச் சொன்னார்."

ஆர்விட், ஆர்டிஸின் புருஷன்.

"தேர்தலன்னைக்கு அவருக்கு நிமோனியா. எனக்கு வாக்குச்சாவடியில நாள் பூரா வேலை. லவோன்தான் துணைக்கு உட்கார்ந்தா. மனுஷன் ஓட்டுப் போட்டே தீருவேன்னு எழுந்துட்டார். 'நீங்க போகாதீங்க, நானும் போகலை. உங்க பக்கம் ஒண்ணு, எங்க பக்கம் ஒண்ணு, சரியாப் போச்சு'ன்னு சொல்லிப் படுக்க வச்சிருக்கா. சாவடி மூடற வரைக்கும் நகரலை."

மெர்னா மனசுக்குள் கணக்குப் போட்டாள். "அப்படீன்னா அவளால எங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை."

"நஷ்டம் எங்களுக்குத்தான்மா." ஆர்டிஸ் பெருமூச்சு விட்டாள். "தன்னைத் தூக்கிட்டுப் போக, வயல்லேர்ந்து எங்க ரெண்டு பசங்களையும் கூப்பிடப் போனை எடுத்திருந்தார், அதுக்குள்ள லவோன் படுக்க வச்சுட்டா. அறுவடை மும்முரத்துல அவனுங்க ஓட்டுப் போடவே வரலை. அப்பனோட வந்திருந்தா அவனுங்களும் போட்டிருப்பானுங்க. எங்க ஆளுக்குத்தான்."

மெர்னா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். லவோனுக்குப் போன் போட்டாள்.

"லவோன், நாம ஜெயிச்சாச்சு. நான் காலையில சொன்னதை மறந்துடு. உன் ஹாட் டிஷ் இல்லாம விருந்தே கிடையாது. இருக்கறதிலயே பெரிய பாத்திரத்துல கொண்டு வா."

"அது ஆர்விட் வயித்துக்குள்ள போயிட்டிருக்கு, மெர்னா. ஆர்டிஸ் அங்க வந்துட்டாளே, இந்த மனுஷனை வேற யார் பார்த்துக்கறது?"