மூலை திருப்பத் தெரிந்த மருமகள்

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அம்மா அற்புதமணி முறுக்கைத் தொடவில்லை. பெண் பின்னியதென்று தட்டில் வைத்திருந்த லேஸ் கைக்குட்டையை நேரே எடுத்தாள்.

"இந்த மூலை யாரு போட்டது?"

"நான்தான் அத்தை" என்றாள் கிரேசி.

கரையெல்லாம் அவள் பின்னியதுதான். நாலு மூலையும் பக்கத்து வீட்டு முத்துக்கனி போட்டுக் கொடுத்தது. திண்டின்மேல் நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு நேராகப் பின்ன யாருக்கும் வரும். மூலையில் திரும்பும்போதுதான் வெளிப்பக்கத்து நூல்கட்டைகள் சுற்றி வரவேண்டும், உள்பக்கத்துக் கட்டைகள் காத்து நிற்கவேண்டும். கிரேசியிடம் எந்தக் கட்டையும் காத்து நின்றதில்லை.

மாப்பிள்ளை எஸ்றாவுக்குத் தூத்துக்குடி துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. உலகச் சண்டை முடிந்ததும் பெண் தேட ஆரம்பித்திருந்தார்கள். வேதக்கோயில் பாடகர் குழுவில் அவனைப் பார்த்த நாளிலிருந்தே கிரேசிக்கு அவன்மேல் உயிர்.

ஆனால் அற்புதமணி கை மூலை என்றால் நாசரேத்து வட்டாரத்தில் தனிப் பேர். அவள் போட்டதென்று கோயில் பீடத்து விரிப்பைக் காட்டித்தான் மற்ற பெண்களைத் திட்டுவார்கள்.

"எங்க வீட்டுக்கு வாரவளுக்கு மூலை வரணும். ஏளா, திண்டை எடு. என் கண்ணு முன்னால ஒண்ணு திருப்பு."

"பொம்பளைய சமாச்சாரம், உள்ள போய்ப் பாருங்க" என்றார் அற்புதமணியின் புருஷன் எபனேசர் வாத்தியார்.

உள்ளே நாலு கட்டை திருப்புவதற்குள் நூல் சிக்கிக்கொண்டது. கிரேசிக்கு அழுகை வந்துவிட்டது.

"பொய் சொல்லிட்டேன் அத்தை. எனக்கு மூலை வராது. முத்துக்கனி அக்கா போட்டது."

அற்புதமணி எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டாள். அடிக்கப்போகிறாள் என்றுதான் கிரேசி நினைத்தாள்.

"எனக்கும் வராது" என்றாள் அற்புதமணி.

"அப்ப பீடத்து விரிப்பு?"

"அவுக போட்டது."

"வாத்தியார் மாமாவா?"

"மெதுவாப் பேசு. வெளிய தெரிஞ்சா பள்ளிக்கூடத்துப் பயலுவ மதிப்பானுவளா?"

"பின்ன எதுக்கு அத்தை என்கிட்ட மூலை கேட்டிய?"

"கேக்காம இருந்தா ஊரு சந்தேகப்படும்லா?"

கிரேசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கல்யாணத்துக்கு அப்புறம் நான் என்ன செய்ய?"

"எஸ்றா போடுவான். அவுக அப்பா சொல்லிக் குடுத்திருக்காக. நீ வாசல்ல திண்டை வச்சிக்கிட்டு உக்காந்திரு, போதும்."

இருவரும் வெளியே வந்தார்கள். எஸ்றா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படி?" என்றார் எபனேசர்.

"சுத்தமான வேலை" என்றாள் அற்புதமணி.

எபனேசர் பெண்ணின் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியளா அண்ணாச்சி, நம்ம ஆம்பிளைய ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது வராது."