அவமதிப்பு தீர்ந்த மறுநாள்

வெயில், ஜன்னல் கம்பிகளின் நிழலை வங்கி மேனேஜரின் மேசைமேல் தறிப் பாவு விரித்ததுபோல் விரித்திருக்கிறது. கலியாணசுந்தரத்தின் நெஞ்சு ஆபரேஷனுக்காக அவருடைய டெபாசிட்டை உடனே கொடுக்கச் சொன்ன ஹைகோர்ட் உத்தரவை மாதக்கணக்கில் இழுத்தடித்தவர் இந்த மேனேஜர். கோர்ட் அவமதிப்பு வழக்கில் நேற்று நீதிபதி முன் கைகட்டி நின்று, மன்னிப்புக் கேட்டுத் தப்பி வந்திருக்கிறார். காலையிலேயே ஏகாம்பரநாதரைக் கும்பிட்டுவிட்டு வந்த முகம் தெளிந்து கிடக்கிறது. விபூதிப் பொட்டலத்தைப் பிரித்து, எதிரே உட்கார்ந்திருக்கும் கலியாணசுந்தரத்தின் மனைவி அம்சவேணியிடம் நீட்டுகிறார். “எடுத்துக்கோங்கம்மா. கேஸ முடிச்சுட்டாங்க. பணம் நேத்தே அவரு கணக்குல ஏறிடுச்சு.” அவள் இரண்டு விரலால் விபூதியைத் தொடுகிறாள். “அவருதான் ஆடியிலயே செத்துப் பூட்டாரே சார். அத அங்க சொன்னீங்களா?” மின்விசிறி கிறீச்சிடுகிறது. வெளியே டோக்கன் எண்ணை ஒரு பெண்குரல் கூப்பிடுகிறது. “அத யாரும் கேக்கலம்மா. உத்தரவுல அவரு பேருதான் இருக்குது. உங்க கையில குடுத்தா அதுவும் அவமதிப்பாயிடும். வாரிசுன்னு கோர்ட்ல எழுதி வாங்கினு வாங்க.” அந்தக் குரலில் இருப்பது நிஜமான பயம். அம்சவேணியின் கை நெற்றிக்குப் போகவில்லை. தறியில் சாம்பலைத் தொட்டு இழைக்கு இழை முறுக்கிப் பழைய பாவோடு புதுப் பாவைப் பிணைத்துப் பழகிய விரல்கள், முந்தானையில் அறுந்து தொங்கும் இரண்டு நூல்களைத் தாமாகவே தேடிப் பிடித்து, விபூதியோடு சேர்த்து முறுக்குகின்றன. விட்டதும் அவை பிரிந்துகொள்கின்றன. மறுபடி முறுக்குகிறாள். பட்டாக இருந்தால் பிடித்திருக்கும். அவள் கட்டியிருப்பது நைலக்ஸ்.