காலிக் கேபினட்

கம்ப்யூட்டர் கேபினட்டுகளின் உட்புறத்தை அளந்து, மதிப்பெண் போட்டுப் பத்திரிகைக்கு விமர்சனம் எழுதுவது அவள் வேலை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்கக் கணவனைக் கூப்பிட்டால், "இதோ வந்துட்டேன்" என்பான், வரவே மாட்டான். மதியத்துக்குள் அறிக்கை போயாக வேண்டும். தனியாகவே கேபினட்டுக்குள் டேப்பை நீட்டினாள்.

உள்ளே யாரோ அதை வாங்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

எட்டிப் பார்த்தாள். காலிப் பெட்டிதான். டேப் மட்டும் தொய்யாமல் நின்றது.

"கொஞ்சம் இடது பக்கம்," என்று சொல்லிப் பார்த்தாள். நகர்ந்தது.

அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பத்தே நிமிடத்தில் எல்லாவற்றையும் அளந்து, இடவசதிக்குப் பத்துக்குப் பத்து போட்டாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த கணவனிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றபடி அவன் உள்ளே கையை விட்டான். அப்படியே நின்றுவிட்டான். பிறகு மெல்ல, முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்:

"ஏய், கை குலுக்குறாங்க!"