கீழே போன மஞ்சள் சீட்டு

காலையில் பலகையைப் பார்த்த கொத்தனார் அங்கேயே நின்றுவிட்டார்.

அவருடைய சிவப்புச் சீட்டு முதல் மாடியில் இருந்தது. அவருக்குக் கல் எடுத்துக்கொடுக்கும் மனைவியின் மஞ்சள் சீட்டு, கீழே செங்கல் இறக்கும் இடத்துக்குப் போயிருந்தது.

புதிதாக வந்த இன்ஜினியர் பெண்ணின் ஏற்பாடு அது. யாருக்கு எங்கே வேலை என்று தினமும் பலகையில் குத்திவிடுவாள். நல்ல பிள்ளை, குரலை உயர்த்தமாட்டாள். அவள் வந்த பிறகு கல்லுக்காகக் காத்துக் கிடப்பது நின்றுபோனது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அண்ணனையும் அண்ணியையும் பிரிச்சு வச்சுட்டீங்களே, இனி சுவர் எங்க ஏறும்?" என்றான் கம்பி கட்டுகிறவன்.

எல்லாரும் சிரித்தார்கள். கொத்தனாரும் சிரித்து வைத்தார்.

மனைவி சிரிக்கவில்லை. கேட்டருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைப் பார்த்தாள். போன வருஷம் வரை அவரும் கொத்தனார்தான்.

மாடியில் வாட்டசாட்டமான ஆள் ஒருவன், கேட்கும் முன்பே கல்லை நீட்டினான். இருந்தும் என்ன? இடுப்புக்கு ஏறியிருக்க வேண்டிய சுவர், சாப்பாட்டு நேரத்தில் முழங்காலில் நின்றது. கொத்தனார் வைத்த கல்லையே எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

இன்ஜினியர் மேலே வந்து, செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தாள்.

"என்ன தடங்கல்னு சொல்லுங்கண்ணே, மாத்திடலாம்."

இத்தனை காலத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

"கலவைதாம்மா. என் வீட்டுக்காரி குழைச்சாத்தான் கைக்கு ஒத்து வரும்."

"அவ்வளவுதானா? அப்ப எல்லா மாடிக்கும் அவங்களே கீழேருந்து குழைச்சு அனுப்பட்டும்."

சந்தோஷமாக இறங்கிப் போனாள்.

கொத்தனார் சுவரின் மூலையில் ரசமட்டத்தை நிறுத்திப் பிடித்தார். முகத்தருகே கொண்டுபோனார். தள்ளிப் பார்த்தார். குமிழ் எங்கே நிற்கிறதென்று தெரியவில்லை.

கொஞ்ச காலமாகவே அப்படித்தான். கல் நீட்டுகிற சாக்கில் அவள்தான் பார்த்து முணுமுணுப்பாள், இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று.

கண்ணாடி வாங்கிப் போட்டால் என்ன? வாட்ச்மேன் போட்டார். அந்த வாரமே கான்ட்ராக்டர் அவர் கையிலிருந்து கலவை பூசும் கரணையை வாங்கிக்கொண்டார்.

கீழிருந்து கலவை வந்தது. மூலையில் ஒரு கல்லை வைத்துவிட்டு, கொத்தனார் எட்டிப் பார்த்தார்.

கிட்டே இருப்பதுதான் அவருக்குத் தெரியாது. கீழே மண்வெட்டியை ஊன்றி நின்ற மனைவி பளிச்சென்று தெரிந்தாள். கண்ணைச் சுருக்கி, சுவரின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முந்தானையால் ஒரு தோளைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் கல்லை அந்தப் பக்கமாக ஒரு நூல் தட்டினார்.

சாயங்காலம் சுவர் இடுப்பைத் தாண்டியிருந்தது. கலவை பிரமாதம் என்று எல்லார் முன்னாலும் இன்ஜினியர் பாராட்டினாள்.

மனைவி கழுத்தைத் தேய்த்துவிட்டபடியே கேட்டுக்கொண்டாள்.